சீட்டு கிடைக்காத வலி

மார்ஃபின், கொகெய்ன், ஜின், தேன். இவை சேர்ந்த ஒரு திரவத்தை இங்கிலாந்து மருத்துவமனைகளில் செவிலியர்கள் பல பத்தாண்டுகள் கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவந்தார்கள். சில இடங்களில் மார்ஃபினுக்குப் பதில் ஹெராயின் இருக்கும், ஜின்னுக்குப் பதில் பிராந்தி. நெஞ்சுநோய்களுக்குப் பேர்போன லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் பெயரால் அதைப் பிராம்ப்டன் கலவை என்றார்கள். சாவை நெருங்கிய புற்றுநோயாளிகள் அதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் உறங்கினார்கள். விழித்திருந்த நேரத்தில் பிள்ளைகளோடு பேசினார்கள். அதே கலவையை ஒரு புட்டியில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்று நம் தெருவில் போகிறவருக்குக் காத்திருப்பது சிறை.

புட்டியில் இருப்பது ஒன்றே. அது எப்போது மருந்து, எப்போது போதை என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று சொல்லும் விடை அளவு என்பதுதான். நம் பாட்டிமார்களுக்கும் இந்த விடை தெரியும். பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு எல்லாம் கல்லில் உரைப்பார்கள். ஜாதிக்காய்க்கு வரும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கூடினால் பிள்ளை மயங்கிக் கிடக்கும் என்பார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தன்வரலாற்றில், சிறைக்குப் போன புதிதில் ஒரு தீப்பெட்டி அளவு ஜாதிக்காய்த் தூளைக் குளிர்ந்த நீரில் கலக்கிக் குடித்துப் போதையேற்றிக்கொண்டதைச் சொல்கிறார். குழந்தையைத் தூங்கவைக்கும் காயும் அதுதான், கைதியின் தலையைச் சுழலவைத்ததும் அதுதான்.

ஆனால் அளவை வைத்து வெகுதூரம் போக முடியாது. முற்றிய புற்றுநோயில் மாதக்கணக்காக மார்ஃபின் எடுத்துவரும் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவு, பழக்கமே இல்லாத திடகாத்திரமான ஆளைக் கொன்றுவிடக்கூடும். அந்த நோயாளியோ அதைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அடுத்து வருவது நோக்கம். வலிக்காக எடுத்தால் மருந்து, சுகத்துக்காக எடுத்தால் போதை. இதை முழுதாக நம்பிவிடலாம், சிசிலி சாண்டர்ஸ் மட்டும் இல்லாதிருந்தால். செவிலியாகவும் மருத்துவமனைச் சமூகப்பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்து, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியவர் அவர். வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருந்து ஊசி போடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. வலி தலைகாட்டும் முன்பே, நேரம் தவறாமல், வாய்வழியாகக் கொடுத்தார். அந்த இல்லத்தில் பணியாற்றிய ராபர்ட் ட்வைகிராஸ் 1970களில் பிராம்ப்டன் கலவையை முறையாக ஆராய்ந்து, ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கொகெய்னால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று காட்டினார். கலவை மெல்ல மெல்லச் சாதாரண மார்ஃபின் திரவமாக எளிமையடைந்தது.

சாண்டர்ஸ் சொன்ன முக்கியமான செய்தி மருந்தைப் பற்றியதல்ல. சாகப்போகிறவரின் வலி எலும்பில் மட்டும் இல்லை என்றார் அவர். அச்சம், தனிமை, செய்யாமல் விட்ட காரியங்கள், வீட்டுக்காரியின் எதிர்காலம், கடன் எல்லாம் கலந்த முழு வலி அது. இதை ஒப்புக்கொண்ட நொடியில் நோக்கம் என்ற வேலி தளர்ந்துவிடுகிறது. எலும்பின் நோவைத் தணிக்கும் மார்ஃபின் இரவின் திகிலையும் கொஞ்சம் தணிக்கிறது. எலும்புக்கானதை மருந்து என்றும் திகிலுக்கானதைப் போதை என்றும் எந்தக் கத்தியால் பிரிப்பது? சாண்டர்ஸ் பிரிக்கவில்லை. தனிமைக்கு மார்ஃபின் போதாது, கட்டிலருகே ஆள் வேண்டும் என்றார், ஆளையும் உட்கார வைத்தார்.

முழு வலி என்ற எண்ணம் மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவருக்குக் கிடைத்தது. கல் உடைப்பவருக்கு, மூட்டை தூக்குபவருக்கு, மலேரியாக் காட்டில் மரம் வெட்டுபவருக்குக் கிடைத்ததா?

இந்தக் கேள்வி இந்தியாவில் 1890களிலேயே எழுந்துவிட்டது, வேறு யாரோ வேறு காரணத்துக்காகக் கேட்டதால். அபின் வணிகம் அறக்கேடு என்று இங்கிலாந்தில் கிறிஸ்தவ இயக்கங்கள் நெடுங்காலமாகப் போராடிவந்தன. மருத்துவத்துக்கு மட்டும் அபினை அனுமதியுங்கள், மற்றதைத் தடை செய்யுங்கள் என்பது கோரிக்கை. 1893இல் பிரஸ்ஸி பிரபு தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1895இல் வந்த அதன் அறிக்கை, இந்தியாவில் அபினின் மருத்துவப் பயனும் மருத்துவமல்லாத பயனும் பின்னிப்பிணைந்து கிடக்கின்றன, விற்பனையில் இரண்டையும் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று முடிவு சொன்னது. அபின் வருவாயைக் காப்பாற்றவே இப்படி எழுதினார்கள் என்று அன்றே குற்றச்சாட்டு வந்தது. குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. வெள்ளை அரசின் கருவூலத்தை அபின் நிரப்பிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஆணையத்தின் முன் வந்த சாட்சியங்கள் பொய்யாகிவிடவில்லை. குளிர்காய்ச்சலுக்கு, சீதபேதிக்கு, முதுமையின் மூட்டு வலிக்கு, ஈரத்திலும் பனியிலும் செய்யும் வேலைக்கு, நெடும் பயணத்துக்கு என்று மக்கள் ஒரு சிட்டிகை அபின் போட்டுக்கொண்டார்கள். மருத்துவர் இல்லாத ஊரில் அதுதான் மருத்துவர். பேதிக்கு அபின் கேட்டது மூடநம்பிக்கையும் இல்லை. இன்று வயிற்றுப்போக்குக்கு நாம் கடையில் வாங்கும் லோபெரமைடு மாத்திரை அபினின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வழக்கமான அளவில் அது மூளைக்குள் போகாமல் குடலோடு நின்றுவிடுவதால் போதை தருவதில்லை.

இந்த மூன்றாவது வகையை, நோய்க்கும் கேளிக்கைக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பயனை, நான் போற்றிப் பாடப்போவதில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்கு 'பால கோலி' என்ற அபின் உருண்டையைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் போனார்கள். பால் குடிக்கக்கூட எழாமல் வற்றிப்போன குழந்தைகளைப் பற்றி அக்கால மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த உருண்டை குழந்தையின் நோய்க்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அதில் யாருக்கும் இன்பமும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இடமும் தராத ஆலைக்காகக் கொடுக்கப்பட்டது. ஆலைச் சங்கு ஊதுவதற்குள் தாய் வாசலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளையை மயக்கிய அந்த உருண்டை பழங்கதை என்று எண்ணிவிடக்கூடாது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறக்கப்படும் தொழிலாளர்களிடம் பேசிப் பாருங்கள். "குடிக்காம உள்ள இறங்க முடியாதுங்க" என்பார்கள். பிணவறையில் வேலை செய்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னும் கடுமையாக வந்தது. இறக்குவது நிற்கவில்லை. அந்த நாற்றத்தைத் தாங்க ஒருவர் காலையில் குடிக்கும் குவார்ட்டரை நாம் குடிப்பழக்கம் என்கிறோம். அறுவைக்கு முன் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதன் காரணமும் அவர் குடிப்பதன் காரணமும் வெவ்வேறா? உடல் தாங்காத ஒன்றை உடலுக்குச் செய்யப்போகிறார்கள். ஒருவருக்கு அதற்கென்று மருத்துவர் இருக்கிறார். மற்றவர் தன் கூலியில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பிறகு குடிகாரன் என்ற பெயரையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குடி அவர் ஈரலைத் தின்கிறது, குடும்பத்தைத் தின்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் மனைவி அந்தக் குடியைச் சபிக்கும்போது அவரைத் தொட்டிக்குள் இறக்கியவர் பெயரும் அந்தச் சாபத்தில் வரவேண்டும்.

மருத்துவரின் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம். 1931 டிசம்பரில் நியூயார்க் தெருவைக் கடக்கும்போது வின்ஸ்டன் சர்ச்சில் மீது கார் மோதியது. தேறிவரும் நிலையில், அடுத்த மாதம் அவருடைய மருத்துவர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். உணவு வேளைகளில் மது அவருக்கு அவசியம், உச்ச அளவைச் சொல்வதற்கில்லை, குறைந்த அளவு 250 மில்லி என்பது அதன் சாரம். மதுவிலக்கு நடக்கும் குஜராத்தில் இன்றும் உடல்நலக் காரணத்துக்காக மது அனுமதிச் சீட்டு பெறலாம். மருத்துவக் குழு பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பற்றிய வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம், ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் அந்தத் தடையில் சேர்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அரிஷ்டமும் டானிக்கும் பிழைத்தன. சீட்டு வாங்கத் தெரிந்தவர், வாங்க வசதியுள்ளவர், மருத்துவரின் முன் நாற்காலியில் உட்காரக்கூடியவர் குடித்தது மருந்தாயிற்று. கள்ளுக்கடை வாசலில் நின்றவர் குடித்தது குற்றமாயிற்று.

அபினுக்கும் அதே கதி. 1961இல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் உடன்படிக்கை, இவற்றை மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதித்தது. அரைகுறை மருத்துவமாகப் பயன்படும் அபினை ஒழிக்க, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததிலிருந்து 15 ஆண்டு அவகாசம்; மருத்துவமல்லாத கஞ்சாவை ஒழிக்க 25 ஆண்டு. நடுவில் ஒரு வகை இருப்பதை உலகச் சட்டம் கடைசியாக ஒருமுறை ஒப்புக்கொண்டு, அதற்கு நாள் குறித்தது. இந்தியா 1985இல் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அன்று பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. (பாங்கு மட்டும் தப்பித்தது, பூவும் காயும் சேராத கஞ்சா இலை சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை.)

அந்தச் சட்டம் யாரைத் தாக்கியது என்பதுதான் என்னை இதையெல்லாம் எழுதவைக்கிறது. கடத்தல்காரர்களை எவ்வளவு தாக்கியதோ தெரியாது, புற்றுநோயாளிகளை நன்றாகவே தாக்கியது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கிவைக்கப் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியிருந்தன, அத்தனையும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று முடிந்தால் மற்றதும் செல்லாமல் போனது. கணக்கில் சிறு பிழை வந்தாலும் சிறை என்ற அச்சம். மருந்தாளுநர்கள் அதை வாங்கிவைப்பதையே நிறுத்தினார்கள். 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து, ஆண்டுக்குச் சுமார் 18 கிலோவில் வந்து நின்றது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்தி உலகுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தன. அந்த ஆலைகள் இருந்த நாட்டில் மக்கள் வலியால் கத்திக்கொண்டே செத்தார்கள். ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபின் புட்டியைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் பெற்றார்கள்.

எதிர்த்திசையில் முதல் அடிகளில் ஒன்று கோழிக்கோட்டில் விழுந்தது. 1993இல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் அங்கே வலி மற்றும் ஆதரவு சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மார்ஃபின் மாத்திரைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். ஓலைக் குடிசையில், பூட்டில்லாத அலமாரியில், ஏழைக் குடும்பத்தின் கையில். காவல்துறையின் கண்ணோட்டத்தில் இதைவிட ஆபத்தான ஏற்பாடு இருக்க முடியாது. 2001இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, இரண்டு ஆண்டுகளில் இப்படி வீட்டிலிருந்தே மார்ஃபின் எடுத்துக்கொண்ட 1,723 பேரைப் பற்றிப் பேசியது. தவறான பயன்பாடோ, மருந்து வெளியே போனதோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை.

என் பெரியப்பாவுக்குத் தாடையில் புற்று வந்தபோது, நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் மார்ஃபின் என்ற பேச்சையே எடுக்க மறுத்துவிட்டார்கள். சாதாரண வலி மாத்திரைகளைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்ததில் வயிறு புண்ணானதுதான் மிச்சம். பிறகு வேறோர் இடத்தில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பெரியப்பாவின் மகளான என் அக்காவுக்குக் கை நடுங்கியது. "சார், இது போதை மருந்துன்னு சொல்றாங்களே. அப்பாவுக்குப் பழகிப்போச்சுன்னா?" அவர் கோபப்படவில்லை. "உடம்பு பழகும்மா. திடீர்னு நிறுத்தினா உடம்பு முறுக்கும், அதனால நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா மனசு அதைத் தேடி அலையறது வேற. வலி குறைஞ்சா அப்பா அதைத் தேட மாட்டார், உங்களைத்தான் தேடுவார்." அப்படித்தான் நடந்தது. பெரியப்பா கஞ்சி கேட்டார், பேரனின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டார், அண்ணனோடு இருந்த பழைய நிலத்தகராறைப் பேசித் தீர்த்தார். அந்தச் சில வாரங்களில் அவரிடம் ஒரு நிம்மதி தெரிந்தது. அது வலி இல்லாததால் வந்த நிம்மதியா, மார்ஃபின் தந்ததா என்று பிரித்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இன்றுவரை தோன்றவில்லை.

ராஜகோபால் போன்றவர்களின் நெடிய முயற்சியால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகள் என்று தனியே பிரிக்கப்பட்டு, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. சட்டம் தளர்ந்த அளவுக்கு அச்சம் தளரவில்லை. 2017இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை, இந்தியாவில் வலிக்குத் தேவைப்படும் மார்ஃபினில் நூற்றில் நான்கு பங்குதான் கிடைக்கிறது என்று கணக்கிட்டது.

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் தூய்மையாக்கிவிடாது என்பதை அமெரிக்கா பெருவிலை கொடுத்துக் கற்றது. 1996இல் பர்டியூ பார்மா என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சீட்டுகள் குவிந்தன. 2007இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது ஊர் ஊராக இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில், டிராமடால் என்ற வலி மாத்திரை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. இப்போது செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் பெயர் அதே வகை மாத்திரையான டாபென்டடால். மாத்திரையைப் பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு மாவும் பசையும் இருக்கும். அது இரத்தக் குழாயை அடைத்து இருபது வயதுப் பையன்களைக் கொல்கிறது. கைதாகிறவர்களின் வேலை என்னவென்று அந்தச் செய்திகளில் தேடிப் படிப்பேன். கூலி வேலை, சுமைதூக்குபவர், வேலையில்லாதவர் என்று இருக்கும். அவர்களில் எத்தனை பேர் சுகத்துக்காகத் தொடங்கினார்கள், எத்தனை பேர் எதையோ தாங்க முடியாமல் தொடங்கினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. கைப்பற்றிய மாத்திரைகளின் எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுகிறது.

அந்தப் பையன்களில் சிலருக்காவது மீளும் வழி ஒன்று இருக்கிறது, அதுவும் அபின் குடும்பத்து மருந்துதான். ஊசி வழியே போதைக்கு அடிமையானவர்களுக்கு அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்ட மையங்களில் புப்ரெனார்ஃபின் கொடுக்கிறார்கள். வழக்கமாகத் தினமும் வர வேண்டும், செவிலியர் கண்முன்னே நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். ஊசி நிற்கிறது, தவிப்பு அடங்குகிறது, ஆள் வேலைக்குப் போகிறார். இதை ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். முன்பு அந்த ஆளைத் தேடியது காவல்துறை மட்டும்தான். இப்போது அவர் ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிறார். சாண்டர்ஸ் கட்டிலருகே உட்காரவைத்த ஆளும் கோழிக்கோட்டில் வீட்டுப்படி ஏறிய தொண்டரும் செய்தது இதுதான். மருந்தை மருந்தாக வைத்திருப்பதில் வேதியியலுக்கு உள்ள பங்கைவிட இந்த விசாரிப்புக்கு உள்ள பங்கு பெரிது என்று நான் நம்புகிறேன். பர்டியூவின் சீட்டில் இல்லாமல் போனதும் அதுதான். மருத்துவர் எழுதினார், அப்புறம் யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் புற்றுநோய் வலியில் இருந்து, மருத்துவர் மார்ஃபின் எழுதினால், தயங்காமல் வாங்கிச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆதரவு சிகிச்சை பற்றி விசாரியுங்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் சேர்த்தி. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் ஆளை இறக்காதீர்கள், உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.